மண் இல்லாத கப்பலில் ஒரு கால்மிதி

சென்ற செவ்வாய் காலை, புவனாவின் மகள் நிரோஜா மார்க்கம் நகரிலிருந்து அழைத்தாள். "அங்கிள், அம்மா விடியப்புறம் போயிட்டா. நித்திரையிலதான்." ஏதோ ஆறுதல் சொன்னேன். ரெலிபோனை வைத்ததும் மனதில் எழுந்த கேள்வியைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவர் மொழிபெயர்க்க எஞ்சியிருந்த அந்தப் பன்னிரண்டாவது கவிதை என்னவாயிற்று? அதை நிறுத்தியவன் நான்தானா?

இங்கே கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருந்தவர்களுக்கு, உடுப்புத் தோய்க்கும் அறையில் பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டு நிற்கும் புவனாவைத் தெரியும். கனடாவுக்கு வருமுன் அவர் சுவீடனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே தங்கியிருந்த ஓர் அம்மையார், விண்வெளிக் கப்பலிலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்து முடியும் மனிதர்களைப் பற்றிச் சுவீடிய மொழியில் பன்னிரண்டு கவிதைகள் எழுதியிருந்தார். எதுவும் அச்சாகவில்லை. அந்தத் தாள்களைப் புவனாவிடம் கொடுத்து, உன் மொழியிலாவது யாரேனும் வாசிக்கட்டும் என்றாராம்.

"விண்வெளிக் கதை உமக்கு எப்பிடி விளங்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன மாஸ்ரர், சுவீடன்ல மாசி மாசம் பஸ்ஸுக்குப் போறதும் விண்வெளிக்குப் போறதும் ஒண்டுதான். உடுப்புப் போடவே அரை மணித்தியாலம்!"

வியாழன்தோறும் தாம் மொழிபெயர்த்ததை அப்பியாசக் கொப்பியில் எழுதிக் கொண்டுவருவார். ஊரில் ஆசிரியராயிருந்த நான் தமிழைத் திருத்துவேன். இடையில் என் பள்ளிக்கூடக் கதைகளும் வரும். பரீட்சையில் ஒரு பிள்ளைக்கு 33 வந்தால், விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டி, எங்காவது இரண்டு புள்ளி தேடிப்பிடித்து, 35 ஆக்கிச் சித்தியடைய வைப்பேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கவிதையில், கப்பலில் பிறந்த பிள்ளைகள் வரிசையில் நின்று குளிர்பெட்டிக்குள் கைவைத்து, குளிர்காலம் என்றால் என்னவென்று அறிந்துகொள்வார்கள். அன்று நான் சிவப்புப் பேனையைத் தொடவே இல்லை.

பதினோராவது கவிதையில் தொட்டேன். கப்பலில் வாசலுக்கு வாசல் கால்மிதி. உள்ளே போகுமுன் எல்லோரும் கால் துடைக்கிறார்கள். மண்ணே இல்லாத இடத்தில் எதைத் துடைப்பது? பொருந்தவில்லை என்று நான்கு வரிகளை வெட்டினேன். அத்தோடு விட்டேனா? நாற்பது வருடப் பழக்கம். அடியில் கோடு போட்டு, 58 என்று புள்ளியும் இட்டுவிட்டேன்.

புவனா கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். "மண் இல்லையெண்டுதானே மாஸ்ரர் துடைக்கினம்" என்றார். பிறகு, "ஊரில எல்லாப் பிள்ளையளுக்கும் ரெண்டு புள்ளி தேடினியள். எனக்கு ஒண்டும் தேடேல்லையோ?"

அந்தமுறை அவர் சிரிக்கவில்லை. அடுத்த வியாழன் வரவும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போய், மகளோடு மார்க்கத்துக்குப் போய்விட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்பம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

செத்தவீட்டில் நிரோஜா அந்தக் கொப்பியை என் கையில் தந்தாள். "அம்மா லாஸ்ட் மன்த் எல்லாம் முடிச்சிட்டா அங்கிள். மாஸ்ரர் இதைப் பாக்கேக்க அவற்ர முகத்தைத் தன்னால பாக்கேலாதெண்டு சொல்லி ஒரே சிரிப்பு."

பன்னிரண்டாவது கவிதை முழுமையாக இருந்தது. அதில், கடைசியாக எஞ்சிய ஒருத்தி, இனி எவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் வாசல் கால்மிதியை உதறி விரிக்கிறாள். முந்திய பக்கத்தில் நான் வெட்டிய நான்கு வரிகளும் திரும்ப எழுதப்பட்டிருந்தன. அவையில்லாமல் இவள் இல்லை. கொப்பி முழுவதும் என் திருத்தங்களுக்குப் பக்கத்தில் பச்சைப் பேனையால் சரி, பிழை என்று அடையாளமிட்டிருந்தார். பிழைகளே அதிகம். கடைசித் தாளின் அடியில், நான் போடுவது போலவே ஒரு கோடு. அதன் கீழ் "மாஸ்ரர்: 33". அதை வெட்டிப் பக்கத்தில், 35.

செத்தவீடென்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிற்று. நிரோஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. புவனா எனக்கென்று விட்டுப்போனவை பன்னிரண்டு கவிதைகளும், எங்கோ தேடிப்பிடித்துத் தந்த அந்த இரண்டு புள்ளிகளும்.