நாரேத் உட்காரமாட்டாள்

கரண்டிக் காம்பால் ஒரே தட்டு. முட்டையின் பருத்த பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஓடு உடைகிறது. நகத்தால் அந்தச் சில்லை எடுத்து எறிந்துவிட்டு, முட்டையைக் கவிழ்த்து ஓர் உதறு. வெள்ளையும் மஞ்சளும் அலுமினியச் சட்டிக்குள் விழுகின்றன. அடுத்த முட்டை. அதற்குள் வலது கால் இடது கால்மேல் ஏறி இறங்கிவிட்டது. பார்வை சாலைக்குப் போய்த் திரும்பிவிட்டது. அடுப்புக் கரி ஒருமுறை விசிறப்பட்டுவிட்டது.

நான்காம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையில், ஆடைத் தொழிற்சாலையின் வாசலுக்கு நேரெதிரே நாரேத்தின் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு கரியடுப்பு, ஓர் ஆவிச்சட்டி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலின் மேல் முட்டைத் தட்டுகள் அடுக்கியிருக்கும். நான்கு வருடங்களில் அதில் அவள் உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இல்லை.

"சித்தி, கொஞ்ச நேரம் உக்காருங்களேன். பாக்கற எங்களுக்கே கால் வலிக்குது" என்பார்கள் தையல்காரப் பெண்கள்.

"பதினோரு வருஷம் அந்தச் செவுத்துக்குள்ள உக்காந்தாச்சுடி. என் பங்கு முடிஞ்சு போச்சு" என்பாள்.

பதினோரு வருடமும் காலர் தைக்கும் வரிசையில். சட்டைக்கு உடல் தைத்ததில்லை, கை தைத்ததில்லை. காலர், காலர், காலர். இன்றும் யாராவது சட்டை போட்டுக்கொண்டு முட்டை வாங்க வந்தால் முதலில் கழுத்தைப் பார்ப்பாள். தையல் கோணலாக இருந்தால், கேட்காமலே நூலைப் பிடுங்கிவிடுவாள்.

சட்டியில் விழுந்த முட்டைகளோடு புளிக்கவைத்த மீன் சாறு, பனைவெல்லம், உப்பு, கம்போட் ஊர் மிளகு சேரும். மிளகை முன்பே இடித்து வைக்கமாட்டாள். "இடிச்ச மிளகு ராத்திரியே செத்துப்போகும்" என்பது அவள் கட்சி. நுரை வராமல் கலக்கி, சின்னப் புனல் வைத்து, அதே ஓடுகளுக்குள் திரும்ப ஊற்றுவாள். முக்கால் வரைக்கும்தான். ஆவிச்சட்டியின் துளைகளில் முட்டைகளைக் கூர்முனை கீழாக நிறுத்தி, மெல்லிய ஆவியில் வேகவைத்து, மூன்று மூன்றாக மூங்கில் குச்சியில் கோத்துக் கரியில் வாட்டுவாள். ஓடு ஆங்காங்கே கருகும்போது வருகிற மணத்துக்கு, திறந்த லாரியில் நின்றபடியே ஒன்றரை மணி நேரம் வந்து இறங்குகிற பெண்களின் வயிறுகள் பதில் சொல்லும்.

இந்தத் தொழிலில் ரகசியம் வைக்காத ஒரே வியாபாரி அவளாகத்தான் இருப்பாள். யார் கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். மண்பாதையின் மறுகோடியில் போட்டிக்கு முட்டை வாட்டுகிறவனிடமும் கூவிக் கூவிச் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்பதில்லை. ஊரில் பாதிப்பேரைப் போல முட்டையின் கூர்முனையைத்தான் உடைக்கிறான்.

"கூர்ப்பக்கம் ஒடச்சா சவ்வு கிழியும், ஓடு விரியும். முட்டையோட குண்டிப்பக்கம் காத்து இருக்கு பாரு, அங்க தட்டு. அது உனக்காகவே காலியா இருக்கிற எடம். அப்புறம் பேராசைப்பட்டு ரொம்ப ஊத்தாதே. ஊத்தினா வேகறப்ப முட்டை உன்னப் பாத்து நாக்க நீட்டும்."

தவ்ரிக்கு அப்படித்தான் நீட்டியது. பொத்தான் வைக்கும் பிரிவில் வேலை செய்கிற தவ்ரி, தகரக்கூரை அறை ஒன்றில் இன்னும் மூன்று பெண்களோடு இருக்கிறாள். ஆவிச்சட்டி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு வேகும் மின்குக்கரிலேயே அரிசிக்கு நடுவே முட்டைகளை நட்டு வைத்துவிட்டாள். அரிசி கொதிக்க, முட்டைகள் குடிகாரர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உள்ளிருந்ததையெல்லாம் சோற்றில் கக்கின. மறுநாள் காலை நாரேத் சிரித்த சிரிப்பில் காவலாளி வெளியே வந்து பார்த்தான்.

"அப்புறம் அந்தச் சோத்த என்னடி பண்ணீங்க?"

"தின்னோம். நல்லாத்தான் இருந்துச்சு."

"அடுத்த வாட்டி தண்ணி பாட்டில் மூடி எடுத்துக்கோ. முட்டைக்கு ஒண்ணு. மூடியில நிக்க வெச்சா அசையாது. சோறு தனி, முட்டை தனி. வாங்காம நீங்களே செஞ்சுக்கங்க, என் பொழப்பு ஒண்ணும் கெடாது. ஞாயித்துக்கெழம எனக்கும் லீவுதான்."

அடுத்த ஞாயிறு மூடி வைத்தார்கள். நின்றது. அந்த வரிசை வீடுகளில் இப்போது பதினைந்து, இருபது அறைகளில் ஞாயிற்றுக்கிழமை முட்டை உண்டு. அத்தனையும் பருத்த பக்கத்தில் துளைபோட்டவை.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கையில் அது நடந்தது. விடுமுறைக்கு முன் சரக்கு கப்பலேற வேண்டும் என்று, ஏழு மணி வேலையை ஆறேகாலுக்கு இழுத்தார்கள். லாரிகள் விடிந்தும் விடியாமலும் வந்தன. பெண்களை இறக்கிய கையோடு வாசலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நாற்பது குச்சி முட்டையுடன் நாரேத் நின்றாள். ஒரு குச்சிகூட விற்கவில்லை.

பத்து மணிக்கு உள்ளே ஒரு பெண் விழுந்தாள். அவளைத் தூக்கப் போனவள் விழுந்தாள். கால்மணி நேரத்தில் அறுபத்திரண்டு பேர். இந்தக் கோடையில் இது மூன்றாம் முறை. வெறும் வயிறு, தகரக்கூரை, நின்றுபோன இரண்டு காற்றாடிகள், சாயத்துணியின் நெடி. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம், அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். நிற்கவேண்டியவர்கள் யாரும் நிற்கவில்லை.

நாரேத் நாற்பது குச்சிகளையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிள்காரன் பின்னால் ஏறி மருத்துவமனைக்குப் போனாள். கைகளில் ஊசி வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஓடு உரித்து ஊட்டினாள். மயங்கியவர்கள் அன்று முட்டை தின்றது மயங்கிய பிறகுதான்.

மறுநாள் காலை தொழிற்சாலை முற்றத்தில் நெயாக் தாவுக்குப் படையல். அந்த மண்ணின் எல்லைச்சாமி அவர். கட்டடம் கட்டும்போது தன் மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று கோபமாக இருக்கிறாராம். வேகவைத்த பன்றித்தலை, வாழைச்சீப்பு, ஊதுபத்தி. பன்றித்தலையில் ஈ உட்காராமல் இருக்க அலுவலக அறையிலிருந்து ஒரு காற்றாடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அறுபத்திரண்டு பெண்களுக்குக் கிடைக்காத காற்று அந்தப் பன்றிக்குக் கிடைத்தது.

கதவுக் கம்பி வழியாக நாரேத் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

"சாமிக்கு மரம் போன கோபமாம். கோபம் மொதலாளி மேலன்னா மொதலாளில்ல மயங்கி விழணும்? இவளுங்க எந்த மரத்த வெட்டினாளுங்க?"

நிர்வாக மேலாளர் விரக் வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. காலர் நேராக இருந்தது.

"அக்கா, ரெண்டு நாள் கழிச்சு தொழிலாளர் துறை ஆய்வாளர் வர்றாரு. வாசல்ல இருக்கறவங்க கிட்டயும் கேப்பாரு. நெயாக் தா கோபம்தான்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஊர்ல எல்லாரும் நம்பறதுதானே."

"நான் நம்பலியே."

"நம்ப வேணாம். சொன்னா போதும். இல்லேன்னா பொண்ணுங்க வெளிய என்ன தின்னாங்கன்னு பேச்சு வரும். ஆஸ்பத்திரியில கட்டிலுக்கு அடியில முட்டை ஓடு கெடந்துதாமே?"

நாரேத் விசிறியை அடுப்பில் ஓங்கி இரண்டு வீசு வீசினாள். சாம்பல் பறந்து அந்தச் சட்டையின் மேல் உட்கார்ந்தது.

"ஐயா, சாமிமேலயும் பழி வேணாம், முட்டைமேலயும் வேணாம். காத்தாடிய ரிப்பேர் பண்ணுங்க. ஏழு மணிக்குக் கதவத் தொறங்க. அவ்வளவுதான்."

"உங்க நல்லதுக்குச் சொன்னேன்" என்று சாம்பலைத் தட்டியபடி போனார்.

அன்றிரவும் மறுநாளும் அவள் என்ன செய்தாள் என்றால், நடந்தாள். அறைக்கும் தெருக்குழாய்க்கும், குழாய்க்கும் சந்தைக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கம்போங் ஸ்பூ மாகாணத்தில் ஒரு தங்கை, அவளுக்கும் மாதாமாதம் இந்த முட்டைதான் சோறு போடுகிறது. இந்த வாசல் போனால் அடுத்த வாசல் கிடைக்காது. ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் ஒரு நாரேத் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள்.

ஆய்வாளர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். களைத்த முகம், கக்கத்தில் கோப்பு. கதவு திறந்திருந்தது. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்குப் பெட்டியை ஏற்றிய பெரிய லாரி, வெளியே கிளம்பத் தயாராக முற்றத்தில் நின்றது. பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். விரக் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். அதில் ஒரு குச்சி, மூன்று முட்டை.

"சம்பவம் நடந்த அன்னிக்குக் காலையில இந்தம்மாகிட்ட வாங்கினது சார். மாதிரிக்கு எடுத்து ஐஸ்ல வெச்சிருந்தோம்."

நாரேத் பையை வாங்கவில்லை. வெளியிலிருந்தே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"இது என் முட்டை இல்ல."

"எல்லா முட்டையும் ஒண்ணுதானேம்மா" என்றார் ஆய்வாளர்.

"முட்டையோட வாயப் பாருங்க. குச்சி போன ஓட்டைய விடுங்க, ஊத்தின ஓட்டையப் பாருங்க. கூர்ப்பக்கம் இருக்கு. நான் கூர்ப்பக்கம் ஒடைக்கமாட்டேன்."

"அத நீங்கதான் சொல்றீங்க" என்றார் விரக்.

 பெண்கள் வாய் திறந்தால் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. எல்லோரும் மூன்று மாத ஒப்பந்தக்காரிகள். கழுத்தில் சுற்றிய கட்டம்போட்ட கிராமாத் துண்டுகளின் முனைகளை விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. அப்போது தவ்ரி முன்னால் வந்தாள். ஊசி ஏற்றிய கையில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

"சித்தி முட்டையோட குண்டிப்பக்கம்தான் தட்டுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு முகம் சிவந்தாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நாங்க ரூம்ல செய்யறோம் சார். அன்னிக்கு நான் மொத ஆளா விழுந்தேன். எனக்கு முட்டையே கெடைக்கல. வாங்க விடல."

"எங்களையும் விடல" என்றது ஒரு குரல்.

"கதவ ஆறேகாலுக்கே சாத்திட்டாங்க" என்றது இன்னொன்று.

மதியத்துக்கென்று வாட்டி வைத்திருந்த குச்சி ஒன்றை எடுத்து நாரேத் நீட்டினாள். ஆய்வாளர் ஒரு கையில் அதையும் மறு கையில் பையையும் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்தது எல்லோருக்கும் தெரிந்தது. புரிந்துகொண்டதும் தெரிந்தது. குச்சியையும் பையையும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். கோப்பைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"துளை எந்தப் பக்கம்னு எழுத இந்தப் படிவத்துல எடம் இல்லம்மா. உணவு, தொற்றுநோய், மற்றவை. மூணு கட்டம்தான்."

"வெயிலுக்கு ஒரு கட்டம் இல்லியா?"

"இல்ல."

"பசிக்கு?"

அவர் கோப்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். விரக் அவர் தோளைத் தொடாமல் தொட்டு, "உள்ள ஏசி ரூம்ல உக்காந்து எழுதலாம் சார்" என்றார். இருவரும் திரும்பினார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கால்கள் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. லாரி ஒலிப்பானை அழுத்தியது.

நாரேத் தள்ளுவண்டிக்குத் திரும்பினாள். ஸ்டூலின் மேலிருந்த முட்டைத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டிக்குள் வைத்தாள். முந்தானைபோலத் தொங்கிய கிராமாத் துண்டை இடுப்பில் கட்டினாள். ஸ்டூலையும் ஒரு குச்சி முட்டையையும் எடுத்துக்கொண்டு பாதையைக் கடந்தாள். வாசலின் நட்டநடுவில், லாரியின் முகப்புக்குப் பத்தடி முன்னால், அதை வைத்தாள்.

உட்கார்ந்தாள்.

தவ்ரியின் வாய் திறந்தபடி நின்றது. காவலாளி தாரித் ஓடி வந்தான்.

"அக்கா, அக்கா, வண்டி வருது! எந்திரிங்க!"

"பதினோரு வருஷம் உள்ள உக்காந்திருந்தேன் தம்பி. அப்ப ஒருத்தரும் எந்திரின்னு சொல்லல."

லாரி மறுபடி ஒலிப்பானை அழுத்தியது. இம்முறை நீளமாக. அலுவலகப் படியேறிக்கொண்டிருந்த விரக்கும் ஆய்வாளரும் திரும்பிப் பார்த்தார்கள். நாரேத் கையிலிருந்த குச்சியிலிருந்து ஒரு முட்டையை உருவி, முழங்காலில் தட்டி, ஓட்டை உரிக்கத் தொடங்கினாள். பிளாஸ்டிக் செருப்பு போட்ட அவள் கால்கள் இரண்டும் தரையில் பதிந்து, அசையாமல் இருந்தன.