பச்சைக் கார்க்காரர் என்னிடம் கேட்டது

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி, புது வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்காக ஒரு தனியார் நிறுவனம் போட்டு வைத்திருக்கும் ஓடுபாதையில் பழைய காலத்துக் கார்களுக்குப் பந்தயம் வைத்திருந்தார்கள். புற்றுநோய் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவும், வசதியில்லாத நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டவும் நடந்த பந்தயம். கார்கள் ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் நன்கொடை தருவதாக ஏற்பாடு.

நான் பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்து போகிறவன். கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஹைட்ராலிக் ஃபிட்டர். எந்த மெஷினில் எங்கே ஆயில் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் செய்த தப்பு எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த மாவாவைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்க ஆரம்பித்தது, பிறகு விடவில்லை. அந்த மாசியில் வலது கன்னத்துக்குள் மூன்று மாதமாக ஒரு புண் ஆறாமல் இருந்தது. வாய் முன்னைப்போல அகலமாகத் திறக்காது. காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மனைவி கேட்டபோது கடைவாய்ப்பல் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தேன்.

பந்தயத்துக்கு உதவியாக எங்கள் கம்பெனியிலிருந்து ஆறு பேரை அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது புறப்படும் கோட்டில் வேலை. கிளம்ப அடம்பிடிக்கும் கார்களைத் தள்ளி வரிசையில் நிறுத்த வேண்டும். எல்லாம் நல்லபடியாக இருந்தால் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கொடி அசைப்பவர் கொடியை அசைப்பார்.

கோட்டிலிருந்து பாதை நேராக ஓடி, முடிவில் இடப்பக்கம் திரும்பும். அந்த வளைவுக்கு வெளியே பழைய டயர்களைக் கட்டி அடுக்கித் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஷாமியானா பந்தல். அங்கே வாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் இலவசப் பரிசோதனை. கரண்டும் தண்ணீரும் அங்கேதான் இருந்ததால் அந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள். தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை செய்யும் பெண்கள் காலையிலிருந்தே அங்கே நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் போய் வாயைக் காட்டிவிட்டு வந்தார்கள். நான் மட்டும் டீ குடிக்கப் போகிறேன் என்று நழுவிவிட்டேன்.

மதியத்துக்கு முன் மூன்றாவது பந்தயம். எட்டு கார்கள், மூன்று சுற்று. இரண்டாவது வரிசையில், கூரையில்லாத ஒரு பச்சைக் கார். ஓட்டுபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சென்னைக்காரர். வாய்ப் புற்றுநோயில் தாடையின் ஒரு பக்கத்தையும் நாக்கில் பாதியையும் எடுத்துவிட்டார்களாம். கழுத்திலும் அறுவை நடந்ததால் குனியவோ திரும்பவோ முடியாது. இதையெல்லாம் மைக்கில் சொன்னார்கள், கூட்டம் கை தட்டியது. அவர் காரில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கொடி அசைய ஒரு நிமிடம் இருக்கும்போது அவர் என்னைக் கையால் கூப்பிட்டார். பக்கத்தில் போனேன். ஏதோ சொன்னார். எட்டு கார்களின் இரைச்சலில் சத்தம் மட்டும் வந்ததே தவிர, வார்த்தை வரவில்லை. "இன்னா சார்?" என்றேன். திரும்பவும் சொன்னார். பின்பக்கமாகக் கையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி கேட்டால் அவர் மனசு நோகுமோ என்று ஒரு சங்கடம். சீக்கிரம் முடிக்கவேண்டும் என்ற அவசரமும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. எல்லாம் ரெடியா என்று கேட்கிறார் என நானே முடிவு கட்டினேன். சிரித்துக்கொண்டே, "சரி சார், சரி சார், எல்லாம் ஓகே" என்று தலையாட்டிவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் கண்ணை மட்டும் திருப்பி என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு முன்பக்கம் பார்த்தார். கொடி அசைந்தது.

கார்கள் போன பிறகு, சிந்திய பெட்ரோல் ஏதாவது இருந்தால் மண் போட வேண்டும் என்று கோட்டுக்குள் இறங்கினேன். பச்சைக் கார் நின்ற இடத்தில், பின் சக்கரத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். பெட்ரோல் இல்லை, தண்ணீரும் இல்லை. பிரேக் ஆயில்.

அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் மிதிக்க மிதிக்க ஆயில் வெளியே போய், கடைசியில் நான்கிலும் பிரேக் இருக்காது. அவர் என்னிடம் என்ன கேட்டார் என்பது அந்த ஈரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவரால் குனிய முடியாது. பின் சக்கரத்தைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் பார்த்துவிட்டதாகக் கட்டை விரலைக் காட்டியிருக்கிறேன்.

என் கையில் வாக்கி டாக்கி கிடையாது. ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடம் ஆகும். முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தார். அவரை நோக்கி ஓடினேன்.

"அந்தப் பச்ச காரு! பிரேக் ஆயிலு லீக்காயிக்கினு போவுது! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கத்தினேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். வாயை வேகமாகத் திறந்ததும் கன்னத்துக்குள் ஏதோ கிழிந்தது. சுரீர் என்று காது வரைக்கும் வலி. வார்த்தைகள் குழைந்து கொழகொழவென்று வெளியே வந்தன.

"என்ன சார் சொல்றீங்க? ஒண்ணும் புரியல. கன்ட்ரோல் ரூம் சொல்லாம நான் சிவப்புக் கொடி காட்டக் கூடாது சார்" என்றார் அந்தப் பெண்.

ஆயில் பட்ட விரல்களை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். மறு கையால் கார்கள் போன பக்கம் காட்டினேன். "பிரேக்கு, பிரேக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. வாக்கி டாக்கியை எடுத்து, எந்தக் கார் என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முதல் சுற்றை முடித்துக்கொண்டு கார்கள் எங்களைத் தாண்டிப் போயின. பச்சைக் கார் மூன்றாவதாகப் போனது. அதைத்தான் கை நீட்டிக் காட்டினேன்.

வளைவில் அந்தக் கார் மற்றவற்றைவிட அகலமாகப் போய், டயர் தடுப்பை உரசுவதுபோல் திரும்பியது. பிரேக் பாதி போய்விட்டது என்று தெரிந்தது. அடுத்த சுற்றில் இந்த நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்தால் திரும்பாது. நேராகத் தடுப்பில் போய் மோதும். தடுப்புக்குப் பின்னால் பந்தல்.

அந்தப் பெண் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பந்தலைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். பாதையோரம் முந்நூறு மீட்டர் இருக்கும். நாற்பத்து மூன்று வயதில் அப்படி நான் ஓடியதே இல்லை. காலில் இருந்தது கம்பெனி கொடுத்த இரும்பு முனை வைத்த ஷூ. கனமான கனம். வாயில் ஏதோ உப்புக் கரித்தது.

பந்தலில் பதினைந்து பெண்கள் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். "எழுந்திரிங்க! ஓடுங்க! காரு வருது!" என்றேன். ஒன்றுமே தெளிவாக வரவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். "அண்ணே, லைன்ல வாங்க, எல்லாரும் காலையிலர்ந்து குந்திக்கினு கீறோம்" என்றது ஒரு குரல். கையை ஆட்டினேன், ஒரு நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தார்களோ என்னவோ, முகம் சுளித்தார்கள்.

வரிசையின் நடுவில், துப்புரவு வேலைக்கான நீலக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி மட்டும் எழுந்து என் அருகில் வந்தார். "இரு, இரு. இன்னா சொல்ற? புரியல. மெதுவாத் திரும்பச் சொல்லு" என்றார். காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"பிரேக்கு இல்ல. இங்க வரும்."

அவ்வளவுதான். அவர் திரும்பி ஒரு சத்தம் போட்டார். "பிரேக்கு புட்டுக்கிச்சாம்டி! இங்கதான் வருதாம்! எழுந்து ஓடுங்கடி!" அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. நாற்காலிகள் சரிந்தன. டாக்டர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நீலக் கோட்டுக்காரர் கடைசியாக, நடக்க முடியாமல் தடுமாறிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போனார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. மற்ற கார்கள் வேகம் குறைந்தன. பச்சைக் கார் குறையவில்லை. என்ஜின் திடீரென்று அலறியது. வேகத்தைக் கட்டுப்படுத்தக் கியரை இறக்குகிறார் என்று புரிந்தது. பிறகு, ஆயில் இல்லாமல் கம்பியில் இயங்கும் கை பிரேக்கை இழுத்திருக்க வேண்டும், காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றது. பக்கவாட்டில் போய்த் தடுப்பில் மோதி, அதைக் கிழித்து, இன்னொரு சுற்று சுழன்று, மண் மேட்டில் ஏறி நின்றது. தடுப்பிலிருந்து பிய்ந்த லாரி டயர் ஒன்று எகிறி வந்து பந்தலுக்குள் விழுந்தது. சற்றுமுன் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் நாலைந்தை நசுக்கிவிட்டு உருண்டு போனது.

தூசி அடங்கியது. பச்சைக் காரில் ஒரு கை மேலே எழுந்து, உயிரோடு இருக்கிறேன் என்பதுபோல் அசைந்தது.

அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, புருவம் கிழிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் மனைவி பக்கத்தில் நின்றார். நான் போனேன். ஒளிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது. ஆனாலும் போனேன்.

"சார், நீங்க கேட்டது எனக்குப் புரியல சார். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். என் தப்பு சார்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொன்னார். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன், திட்டட்டும். ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் இந்தத் தடவை நகர மாட்டேன் என்று இருந்தது.

"புரியல சார். திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னார். அவர் மனைவி விளக்குவதற்கு வாயெடுத்தார். "வேணாம்மா, அவரே சொல்லட்டும்" என்றேன். குனிந்து காதை வைத்தேன். மூன்றாவது தடவை, ஒவ்வொரு வார்த்தையாக, வலியோடு சொன்னார்.

"வாயில... ரத்தம்... எவ்ளோ நாளா?"

உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மோவாய் வரை வழிந்திருந்தது. நாற்பத்து மூன்று வயது ஆம்பளை, அத்தனை பேருக்கு நடுவில் அழுதுவிட்டேன். அவர் நல்லாயிருந்த கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வந்து, வாயைக் காட்ட என்னிடம் சம்மதம் வாங்கிய பிறகுதான் விட்டார்.

நாற்காலிகள் நொறுங்கிக் கிடந்த பந்தலுக்குப் பக்கத்தில், டாக்டர் டார்ச் அடித்து என் வாயைப் பார்த்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை என்றார்கள். கன்னத்தின் உள்ளே ஒரு பகுதியை எடுத்துத் தையல் போட்டார்கள். மனைவியிடம் ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "பல்லுன்னு சொன்னியே" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அந்தக் கேள்வி தையலைவிட அதிகமாக வலித்தது. மாவாவைப் பந்தயத்தன்றோடு விட்டேன். நடந்ததை ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

தோள் கட்டோடு இருந்த அவரை ஒருமுறை வீட்டில் போய்ப் பார்த்தேன். பிரேக் மிதி கொஞ்சம் இறங்குகிற சந்தேகம் காலையிலேயே இருந்ததாம். "நானும் மூணாவது தடவ கேட்டிருக்கணும்" என்றார். "ரெண்டு தடவைக்கு மேல கேட்டா ஜனங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு விட்டுடறது. பழகிப்போச்சு." இதை நான்கு தடவை திரும்பக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. சந்தோஷப்பட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த நீலக் கோட்டுப் பெண்மணியை அதன்பிறகு பார்க்கவே இல்லை. எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை. பதினைந்து பெண்களின் உயிரையும், ஒரு வகையில் என் உயிரையும் காப்பாற்றியது, "புரியல, திரும்பச் சொல்லு" என்று எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற அந்தச் சின்ன மரியாதைதான் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.