தட்டில் இல்லாத பெயர்

முனிரத்தினம் இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராக வந்தது. ஆலையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கன்னியப்பன் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினான்.

"தேவராஜு, சாவு ஊட்டுக்கு மைக் செட்டு ஓணும். ரெண்டு கொழா போதும்."

"எப்போ ஓணும்? யாரு ஊடு? சீக்கிரம் சொல்லு, வேல கெடக்குது."

"நம்ம நைனா ஊடுதான்யா. காத்தால டீ குடிச்சிக்கினே சாஞ்சிட்டாரு."

அந்தத் தெருவுக்கு எவ்வளவு ஒயர் இழுக்க வேண்டும் என்று என் மனம் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அவன் சொன்னது அதற்குப் பிறகுதான் உறைத்தது. என் யோக்கியதை இவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

நம் தொழிலாளர் மன்ற மலரைப் படிக்கிற உங்களுக்கு அவர் டைம் ஆபீஸ் கிளார்க். லேட்டாக வந்தால் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா துரை, ரயிலு உன்னிய உட்டுட்டு வந்துச்சா?" என்று கேட்பவர். நீங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'டூப்பு நைனா' என்றீர்கள். நானும்தான் சொன்னேன். தான் சினிமாவுக்குப் பாட்டு எழுதுவதாக அவர் சொன்னார். எந்தப் படத்திலும் அவர் பெயர் வரவில்லை. அதனால் டூப்பு.

அவர் சொன்னது நிஜம். ஊத்துக்கோட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். தெலுங்குப் படங்களைத் தமிழில் டப்பிங் செய்பவர்களுக்கு அப்படிப்பட்ட ஆள் தேவைப்பட்டது. லீவு போட்டுவிட்டு ரயிலேறி கோடம்பாக்கம் போவார். டைட்டிலில் பெரிய கவிஞர் ஒருவரின் பெயர் வரும். அந்தக் கவிஞர் ஒன்றிரண்டு பாட்டு எழுதியிருப்பார், மற்றது எல்லாம் இவர். "என் பேரு போட்டா படம் ஓடாதுன்னாங்க. ஓடட்டுமேன்னு உட்டுட்டேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவர் எழுதியதில் பெரிதாக ஓடியது 'மாமா பொழுது போயாச்சு'. வில்லனின் குகையில் வரும் கிளப் டான்ஸ். சாக்ஸபோன் இழுத்து இழுத்து வாசிக்க, டிரம்பெட் குறுக்கே புகுந்து கத்தும். நம் பக்கத்தில் காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவும் அந்தப் பாட்டு இல்லாமல் நடந்ததில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஷிப்ட் இல்லாத நாட்களில் மைக் செட் போடுகிறவன் நான்.

ஒருநாள் கேன்டீனில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. கோட்டு சூட்டு போட்டவனைப் பார்த்து, கையில் கண்ணாடிக் கோப்பை வைத்திருக்கிற ஒருத்தி 'மாமா' என்று கூப்பிடுவாளா, எழுதியவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். முனிரத்தினம் இட்லியைக் கீழே வைத்தார். "சாயங்காலம் கொட்டாய்க்கு வா. டிக்கெட்டு என்துது" என்றார்.

டூரிங் கொட்டாயில் அந்தக் காட்சி வந்ததும், "காதப் பொத்திக்கினு அவ வாயப் பாரு" என்றார். பார்த்தேன். அவரும் என் ஒரு கையை விலக்கி, காதோரம் தெலுங்கு மூலத்தை மெல்லப் பாடினார்: "பாவா பொத்து போயிந்தி." திரையில் அந்த உதடுகள் 'பா'வுக்கு ஒட்டின, 'வா'வுக்கு ஒட்டுகிற மாதிரி நெருங்கின, 'பொ'வுக்கு ஒட்டின, 'போ'வுக்கு ஒட்டின. தமிழிலும் அதே இடங்களில் ஒட்டின.

"பாவான்னா தமிழ்ல அத்தான். அத்தான்ல உதடு எங்கடா ஒட்டுது? அவ வாய மூடறா, பாடறவ வாயத் தொறந்துக்கினு கீறா. ஜனம் சிரிச்சிடும். அதான் மாமா. மூள இருக்குதா இன்ஜினீயரே?"

நான் டிப்ளமோதான், இன்ஜினீயர் இல்லை. கிண்டல் செய்வதற்காகவே அப்படிக் கூப்பிடுவார். அன்று திரும்பி நடக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "என் பேரப் பாரு. மு-ல ஒட்டுது, கடைசி ம்-ல ஒட்டுது. முன்கதவும் சாத்தி, பின்கதவும் சாத்தின ஊடு. திருடன் பூர முடியாது." கொஞ்ச தூரம் போனதும் அவரே சிரித்தார். "ஆனா ஊட்டையே பேரோட சேத்துத் தூக்கினு பூட்டானுங்களே, இன்னா பண்றது!"

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்தது தெரியாமல் நடந்தது அல்ல.

அவர் மகள் கஸ்தூரியின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பள்ளிப்பட்டு. செட்டு நான்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா, வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிக்கொண்டு, நான் ஆம்ப்ளிபயர் வைத்திருந்த மேஜைக்கே வந்து, அங்கே நின்ற முனிரத்தினத்திடம் சத்தமாகக் கேட்டார்:

"இன்னா சம்பந்தி, மாமா பாட்டு நீ எழுதினதுன்னு சொல்லிக்கினு திரியிறியாமே? பொய் சொல்ற ஊட்லயா பொண்ணு எடுத்துக்கீறோம்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்தூரி மணவறையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "இன்ஜினீயரே, பாட்டப் போடு. போடறதுக்கு முன்னாடி மைக்ல ஒரு வாட்டி என் பேரச் சொல்லிடு. போதும்."

நான் படித்த படிப்பில் மோட்டாரின் நேம் பிளேட்டில் இருப்பதுதான் மோட்டார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. இசைத்தட்டைக் கையில் எடுத்தேன். "தட்டுல இருக்கறதத்தான் நைனா நான் படிப்பேன்" என்றேன். படித்தேன். படம், இசை, பாடியவர், இயற்றியவர் என்று அந்தப் பெரிய கவிஞரின் பெயரை, முனிரத்தினத்தின் மகள் கல்யாணத்தில், அவர் பக்கத்தில் நிற்க, நான்கு குழாயிலும் கேட்கும்படி படித்தேன். கூடவே வழக்கமான வாலையும் சேர்த்தேன்: "ஒலி ஒளி அமைப்பு, கும்மிடிப்பூண்டி தேவராஜ் சவுண்ட் சர்வீஸ்."

மைக் செட்காரர்களுக்கு இது நாக்கில் ஊறிய பழக்கம். யார் பெயரைச் சொன்னாலும் கடைசியில் எங்கள் பெயர் வரும். நான் கம்பி இழுத்தவன். என் பெயர் ஊருக்கெல்லாம் கேட்டது.

சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். ஊசி தட்டின்மேல் இறங்கியதும் முனிரத்தினம், சுற்றுகிற தட்டைக் காட்டி, "சுத்த ஆரம்பிச்சா எந்தப் பேரையும் படிக்க முடியாது தம்பி. பாட்டுதான் கேக்கும்" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மறுவாரமே டைம் ஆபீஸில் எப்போதும்போல, "வா இன்ஜினீயரே" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். ஷிப்டு மணி அடிக்கும். போய்விடுவேன்.

பள்ளிப்பட்டில் கஸ்தூரியை இன்னும் 'டூப்பு பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். குழம்பில் உப்பு கூடினால்கூட, "உங்க அப்பன் எழுதின பாட்டு மாதிரியா?" என்பார்களாம். கன்னியப்பன் சொல்லித்தான் தெரியும். முனிரத்தினம் என்னிடம் சொல்லவே இல்லை.

சாவு வீட்டில் நான் செட்டைக் கட்டி முடித்தபோது கஸ்தூரி வந்தாள்.

"அண்ணா, பள்ளிப்பட்டுக்காரங்கல்லாம் வந்துக்கீறாங்க. இன்னைக்காவது சொல்லு."

"சொல்றேம்மா."

"பாட்டும் போடு."

அங்கேதான் சிக்கல். சாவு வீட்டில் தத்துவப் பாட்டு போடுவதுதான் நம் வழக்கம். முனிரத்தினம் ஒரு தத்துவப் பாட்டும் எழுதியதில்லை. டப்பிங்கில் அவருக்கு ஒதுக்கியதெல்லாம் கிளப் டான்ஸ், குடிகாரன் பாட்டு, மழையில் நனைகிற பாட்டு. தட்டைப் பார்த்ததுமே பெரியவர் ஒருவர், "இன்னாடா பேஜாரு, பொணத்துக்கு முன்னாடி சாக்ஸபோனா?" என்று கையை ஓங்கினார். முனிரத்தினத்தின் மனைவி உள்ளேயிருந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போடட்டும்."

மைக்கை எடுத்தேன். கல்யாணத்தில் நின்ற அதே சித்தப்பா பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தார். அவரைப் பார்த்தே சொன்னேன்: "இப்போது நீங்கள் கேட்கப்போகும் 'மாமா பொழுது போயாச்சு' என்ற பாடலை எழுதியவர், இதோ படுத்திருக்கும் நம் முனிரத்தினம்."

கஸ்தூரி தலை நிமிர்ந்தாள். சித்தப்பாவின் வாய் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியது. அங்கேயே நான் மைக்கை அணைத்திருக்க வேண்டும்.

என் நாக்கு நிற்கவில்லை.

"ஒலி ஒளி அமைப்பு, கும்மிடிப்பூண்டி தேவராஜ் சவுண்ட் சர்வீஸ்."

சித்தப்பா மறுபடி மென்றார். "இன்னாபா, ரெண்டு பேரும் பார்ட்னரா? செட்டுக்காரன் சொன்னா நம்பிடணுமா?" பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க, அது தும்மல்போல வெடித்தது. அப்புறம் நிறைய பேர் சிரித்துவிட்டார்கள். நான் ஊசியை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டு முடியும்வரை கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் மூடிய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் மைக்கில் சொன்னதை இங்கே அச்சில் எழுதுகிறேன். பள்ளிப்பட்டுக்கு இந்த மலரின் ஒரு பிரதி போகும். 'மாமா பொழுது போயாச்சு' முனிரத்தினம் எழுதியது. நம்பாதவர்கள் கொட்டாய்க்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு அவள் வாயைப் பார்க்கலாம். எழுதியவனுக்கு மூளை இருந்தது.

எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது ஒன்றுதான். யார் பேசினாலும் உதட்டைப் பார்க்கிறேன். தனியாக இருக்கும்போது அவர் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். 'மு'வில் உதடு ஒட்டுகிறது. கடைசி 'ம்'மில் மறுபடி ஒட்டுகிறது. பின்கதவைச் சாத்தியே வைத்திருந்தார் மனிதர். அந்த 'ம்' வந்ததும் வாயை அப்படியே மூடிக்கொண்டிருந்தால் போதும். வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கதவைத் திறந்துகொண்டு என் பெயரோடு நுழைந்தவன் நான். இனி அவர் பாட்டைப் போடும் இடத்திலெல்லாம் அவர் பெயரைச் சொல்வேன். சொல்லி முடித்ததும் மைக்கை அணைத்துவிடுவேன்.