எட்டா, ஒன்பதா

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். மென்பொருளைச் சோதித்து ஒப்புதல் தருவது வேலை. பல வருடங்களுக்கு முன் ஒருமுறை நம்பினாள். ஏழு நோயாளிகள் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார்கள். இப்போது பால் பாக்கெட்டின் தேதியைக்கூட அவள் நம்புவதில்லை என்பது கணவரின் புகார்.

சிறுநீரக நோயாளிகளை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போகும் வண்டிகளுக்கு அவள் நிறுவனத்தின் மென்பொருள்தான் நேரம் குறிக்கும். மருத்துவமனை இருப்பது அண்ணன் வாழும் வெளிநாட்டு ஊரில். அங்கே கோடைக்கு முன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். நேற்று நகர்த்தியிருக்க வேண்டும். இந்த வருடம் ஒரு வாரம் கழித்துத்தான் என்று திடீரென அரசாணை வந்தது. குழு மென்பொருளை அதன்படி மாற்றிவிட்டது.

திங்கள் பிற்பகல் அண்ணியை அழைத்தாள்.

“அண்ணி, அங்க மணி என்ன?”

“மணி கேக்க மட்டும் ஒரு நாத்தனார்! ஒன்பது.”

மென்பொருள் திரையில் எட்டு.

குழுத்தலைவர் எட்டிப் பார்த்தார். “அரை மணியில நாளைய பட்டியல் போகணும். அரசாங்கம் சொன்னாக்கூட நம்ப மாட்டியா?”

“சொன்னாங்க சார். செஞ்சாங்களா?”

மறுபடி அண்ணியிடம் கேட்டாள். “எந்தக் கடிகாரம் அண்ணி?”

“போன்தான். சுவத்துல இருக்கறது எட்டு காட்டுது. பேட்டரி போச்சு போல.”

போன் பழைய விதிப்படி தானாக நகர்ந்திருக்கலாம். சுவர்க்கடிகாரத்தை யாரும் தொடவே இல்லை. இரண்டும் சாட்சிக்கு உதவாது.

“அண்ணன் எங்க?”

“அதை ஏன் கேக்குற! ஆபீஸ் பூட்டியிருக்குன்னு போன் பண்றாரு. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு எந்த ஆபீஸ் பூட்டியிருக்கும்? யார் காதுல பூ சுத்துறாரு?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணனை அழைத்தாள்.

“பூட்டைப் படம் எடுத்து அனுப்புண்ணே.”

“அவ சொல்லித்தானே கேக்கற?”

“இல்லண்ணே. முப்பத்தொரு பேருக்கு நாளைக்கு வண்டி போகணும்.”

“மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத!”

படம் வந்தது. பெரிய பூட்டு. முன்னால் நான்கு பேர், கையில் போனுடன், விழித்தபடி.

சாவிக்காரர் தூங்கியிருக்கலாம்.

“பக்கத்துல என்னண்ணே இருக்கு?”

“பேங்க். தபால் ஆபீஸ். ரெண்டும் திறக்கல.”

“எடுத்து அனுப்பு.”

அந்தப் படமும் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு கதவிலும் 'ஒன்பது மணி முதல்' என்ற பலகை. உள்ளே விளக்கில்லை. எட்டுதான். பட்டியலுக்கு ஒப்புதல் தந்தாள்.

படங்களை அண்ணிக்கும் அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது: “உங்க அண்ணனை நீ விட்டுக்குடுப்பியா?”