நாலாம் நம்பருக்குக் கட்டிய காப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் நாங்கள், ஜப்பான் நாட்டுக் கரப்பந்தாட்டத்தை, அதாவது வாலிபாலை, ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்தோம் என்று சொன்னால் என் மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கிரிக்கெட் பைத்தியம் பிடித்து அலைகிறவர்களுக்கு அடுத்தவர் பைத்தியம் எப்போதும் வேடிக்கைதான். ஆனால் என் அக்காவை முன்னால் வைத்துக்கொண்டு யாரும் இதற்குச் சிரித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு மிஸ் தொண்டராக வந்தார். இரண்டு வருடம் எங்களுக்குக் கரப்பந்து பழக்கினார். அவருக்கும் அரைகுறைச் சிங்களம், எங்களுக்கும் அரைகுறைச் சிங்களம். அதை வைத்தே திட்டு வாங்கினோம், பாராட்டும் வாங்கினோம். ஊர் திரும்பும்போது, அடுத்த சீசனில் தன் ஊர் டீம் ஆடும் ஆட்டங்களைப் பதிந்து அனுப்புவதாகச் சொன்னார். சிவப்புச் சட்டை போட்ட டீம்தான் நம் டீம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அங்கே ஒவ்வொரு டீமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். பெண்கள் கம்பெனி வேலையையும் பார்த்துக்கொண்டு பயிற்சியும் எடுப்பார்களாம். இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தி, "அப்ப அவங்களுக்கும் ஒரு தொர இருப்பாரு" என்றாள். எங்களைப் போலத் துரைக்கு அடங்கி வேலை செய்கிறவர்கள் என்றதும் அவர்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

மிஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கப்பல் தபாலில் மாதக்கணக்கில் கிடந்து ஒவ்வொரு கேசட்டாக வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் இருக்காது. எந்த மொழியில்தான் எழுதுவார் பாவம்! தோட்டத்தில் வீடியோ டெக் இருந்தது மாதா கோயில் மண்டபத்தில் மட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும், நாங்கள் கும்பிடும் சாமி வேறு என்பதைக் கண்டுகொள்ளாமல் ஃபாதர் கேசட்டைப் போட்டு விடுவார்.

முதல் கேசட்டிலேயே தொல்லை தொடங்கியது. ஜப்பான் கேசட் எங்கள் நாட்டு டெக்கில் ஒழுங்காக ஓடாது என்று யாருக்குத் தெரியும்? நிறமே வரவில்லை. படம் நிற்காமல் மேலே உருண்டுகொண்டிருந்தது. ஆட்டக்காரிகளின் கால் மேலே தெரியும், தலை கீழே தெரியும். ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் அவளைப்போலவே மங்கலாக இன்னொருத்தி ஓடினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டுத்தான் இருந்தது. ஒவ்வொரு முறை பந்தைப் போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருங்கூட்டம் ஒரே குரலில் "ஸோ...ரே!" என்று இழுத்தது. ஃபாதர் டெக்கைத் தட்டிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார். பிறகு, "இவ்வளவுதான் பிள்ளைகளே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. சிவப்பு, கறுப்பாகத் தெரிந்தது. எதிர் டீம் எல்லாம் வெள்ளை. கறுப்பு நம்மவர்கள். பெயர் தெரியாததால் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டோம். எங்கள் டீமில் ஆறு பேரும் ஆளுக்கு ஒரு நம்பரை எடுத்துக்கொண்டார்கள். நான் மாற்று ஆள். மாற்று ஆளுக்கு நம்பர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அக்கா நாலாம் நம்பர். அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். நாலாம் நம்பர் பந்தை விட்ட பிறகும் கையை இறக்காமல் ஒரு கணம் அப்படியே வைத்திருப்பாள், சூடான பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை உதறத் தயங்குகிறவள் மாதிரி. அக்காவுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. கொழுந்தைக் கூடைக்குள் எறிந்த பிறகும் கை அப்படியே காதுக்கு மேலே நிற்கும்.

அக்கா அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளை வாத்தியாராக எடுக்கிறார்கள் என்று அந்த நாட்களில் ஒரே பேச்சு. முதுகிலிருந்து கூடையை இறக்க அக்காவுக்கு அது ஒன்றுதான் வழி. நேர்முகத் தேர்வுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று அப்பா வாரம் தவறாமல் தபாற்கந்தோருக்கு நடந்தார்.

மாசி மாதம் வந்தது. காமன் கூத்துக்கு வேஷம் கட்டும் ஆண்கள் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு முடிந்து மணிக்கட்டில் கட்டுவது. கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை கவிச்சி தொடக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இதைப் பார்த்துவிட்டு அக்கா தன் டீமைக் கூட்டி, நாமும் கட்டுவோம் என்றாள். கூத்து வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு, "எந்தச் சாமிக்கும்மா?" என்று கேட்டார்.

"சாமிக்கு இல்லீங்க மாமா, சீசனுக்கு" என்றாள் அக்கா.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஆறு பேரும் நெட் கம்பத்தடியில் நின்று ஒருத்திக்கு ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். நம் டீமின் கடைசி ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பது என்று பேச்சு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அங்க எல்லாரும் ஆடி முடிச்சு வீட்டுல தூங்குறாங்க. முடிஞ்சு போன ஆட்டத்துக்கு இங்க காப்பா?" என்றேன். அக்கா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டிய பிறகும் அவள் கை மேலேயே நின்றது.

ஆனி மழையோடு இன்னொரு கேசட் வந்தது. இதுதான் அரையிறுதி என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அன்றைக்கு மண்டபத்துக்குள்ளேயே மூடுபனி புகுந்திருந்தது. இந்த முறை இரண்டு டீமும் கறுப்பு. முதலில் யார் எந்தப் பக்கம் என்று ஒரு மாதிரி கண்டுபிடித்தோம். பிறகு பக்கம் மாறினார்கள், படம் உருண்டது, எல்லாம் குழம்பிப்போனது. கடைசியில் பந்து விழுந்தது, ஒரு பக்கத்துச் சாம்பல் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். அதோடு கேசட் முடிந்து திரையில் வெறும் இரைச்சல்.

"பைனலுக்குப் போயிட்டோம்!" என்று எங்கள் பிள்ளைகளும் குதித்தார்கள். அக்கா மட்டும் குதிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் அந்த இரைச்சலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் எங்கடி?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். குதித்த கூட்டத்தில் நாலாம் நம்பர் இருந்தாளே என்றோம். "நம்பரு இருந்துச்சு. அவ இல்ல. அந்தக் கை அவ கை இல்ல" என்றாள். நாங்கள் பார்த்தது நம்பரை, அவள் பார்த்தது கையை. பாதி ஆட்டத்தில் நாலாம் நம்பருக்கு ஏதோ ஆகிவிட்டது, அவள் சட்டையை வேறு ஒருத்தி போட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்பது அக்காவின் முடிவு. அதைச் சொன்ன குரலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பைனல் கேசட் வரவே இல்லை. மற்ற ஐந்து பேரும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு முன்னால் காப்பு எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொருத்தியாக அவிழ்த்துப்போட்டார்கள். அக்கா அவிழ்க்கவில்லை. வேலை விட்டதும் பனி இறங்கிய மைதானத்தில் தனியாக நின்று, எதிரில் ஆளில்லாத இடத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பாள். பந்து பனிக்குள் போய்விடும். அது தரையில் விழும் சத்தம் சில வேளை கேட்கும், சில வேளை கேட்காது.

பிறகு மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரு கதை சொன்னார்கள். அக்கா அவர்களோடு மலையில் நிற்கும்போதே கீழே மைதானத்திலிருந்து "ஸோ...ரே" என்று சத்தம் வருகிறதாம். எதிரொலி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சேட்டை என்று நான் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தேன். பள்ளிக்கூடம் அப்போது லீவு என்று யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அப்பா ஒரு நாள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "கைய நீட்டு புள்ள. அறுத்து எறியிறேன் அந்தச் சனியன."

அக்கா மறுக்காமல் கையை நீட்டினாள். "அறுங்கப்பா. ஆனா அறுத்தா நாலாம் நம்பரு அங்கயே நின்னுருவா. திரும்ப வர வழி தெரியாது அவளுக்கு" என்றாள். கத்தியைச் சுவரில் செருகிவிட்டு அப்பா வெளியே போனார். 

அந்த மழைக்காலத்திலேயே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. நுவரெலியாவில். அம்மா பக்கத்து லயத்து வீட்டில் நல்ல சேலை ஒன்று இரவல் வாங்கி வந்தாள். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கட்டிக்கொண்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். கொட்டகலையில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி வேன் பிடிக்க வேண்டும். தோட்டத்து எல்லை, ஆற்றுப் பாலம். அதைத் தாண்டினால் பெரிய ரோடு.

பாலத்தின் பாதிக்குமேல் பனியில் தெரியவில்லை. நான் முன்னால் நடந்தேன். பெரிய ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அப்போதுதான் எங்களுக்குப் பின்னால், மைதானத்துப் பக்கமிருந்து, அந்தக் குரல் வந்தது. இழுத்து, நிதானமாக, பலர் சேர்ந்து கூப்பிடுகிற மாதிரி. "ஸோ...ரே." நானும்தான் கேட்டேன்.  திரும்பிப் பார்க்கவில்லை, அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "நடக்கா! ஒன்னுமில்ல, நட!"

அவள் கை ஆற்றுத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. "இன்னும் ஆட்டம் முடியலடி" என்றாள். கையை உருவிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வந்த வழியே போய்விட்டாள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் நான் பின்னால் ஓடினேன்.

அந்த நேர்முகத் தேர்வு அதோடு போயிற்று. அடுத்த முறை ஆள் எடுத்தபோது நான் விண்ணப்பித்து ஆசிரியை ஆனேன். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்துக்காரர்கள். கட்டிக்கொண்டு போக எல்லையைத் தாண்ட வேண்டும். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நூல் இற்றுப்போனால் பழையது விழுவதற்கு முன்பே புதியதைக் கட்டிக்கொள்வாள். கடைக்கும் அவள் போவதில்லை, நான்தான் வாங்கி வருவேன். கோபம் வரும். பாவமாகவும் இருக்கும். சில நாள் அவளைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து மண்டபத்தைத் திருத்தியபோது அந்தக் கேசட்டுகள் என் கைக்கு வந்தன. ஹட்டனில் கல்யாண வீடியோக்களை சீடியில் பதிந்து கொடுக்கும் கடைக்குக் கடைசிக் கேசட்டைக் கொண்டுபோனேன். எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும் டெக் அவரிடம் இருந்தது. போட்டார்.

படம் உருளவில்லை. நிறம் வந்தது. ஒரு பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் பச்சை. எங்கள் டீவியில் இரண்டும் ஒரே கறுப்பு. குதித்தவர்கள் பச்சைச் சட்டைக்காரிகள். அவர்களிடமும் ஒரு நாலாம் நம்பர் இருந்தாள். எங்கள் நாலாம் நம்பர் திரையின் ஓரத்தில், சிவப்புச் சட்டையோடு, மண்டியிட்டுத் தன் துண்டால் தரையில் விழுந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. தோற்றிருந்தாள், அவ்வளவுதான். அதுதான் கடைசி ஆட்டம். நாங்கள் கைதட்டிக் கூவியது எதிர் டீமுக்கு; தோற்றுப்போனவள்தான் நம்மவள். எனக்குக் கடையிலேயே அழுகை வந்தது.

சீடியை வீட்டில் போட்டுக் காட்டினேன். அக்கா தரையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். துண்டால் துடைக்கும் இடம் வந்ததும் விரலால் திரையைத் தொட்டாள்.

"இங்கனதான் இருந்திருக்கா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப அன்னைக்குப் பாலத்துல கூப்புட்டது யாருடி?" என்று கேட்டாள்.

 அன்றைக்கு அவள் பின்னால் மைதானம் வரை ஓடியபோது அங்கே யாரும் இருக்கவில்லை; எதிரொலி என்ற என் பழைய விளக்கம் இனிச் செல்லாது.

அக்கா மணிக்கட்டை என் மடியில் வைத்தாள். முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து எடுத்தேன். நூல் இருந்த இடத்தில் தோல் வெளுத்து, வேறு யாருடைய தோலோ போலிருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். எழுந்து தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டாள். முகத்தில் பல வருடமாக நான் பார்க்காத தெளிவு.

"இனிமே இன்டர்வியூவுக்குக் கூப்புட்டா நான் போவேன்டி" என்றாள். "எப்பக் கூப்புடுவாங்க?"

ஆசிரியர் நியமனத்துக்கான வயதெல்லையை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.