எழுவைதீவானின் மறுப்புக் கடிதம்

2003 மார்ச் 15, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர், சீனி இல்லை. ஆறே காலுக்கு ட்ராம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இரண்டு மணிவரை தட்டுக் கழுவல். மூன்று மணிக்கு யோகன் அண்ணை வந்தார்.

நேற்று அலமாரியைத் துடைத்தபோது பழைய நாட்குறிப்பு இந்தப் பக்கத்தில்தான் விரிந்தது. சமையலறைச் சவர்க்காரத்தின் எலுமிச்சை மணம் முதலில் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும்.

அப்போது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த எசன் நகரில், எங்களுக்கென்று ஒரு சிறு சஞ்சிகை இருந்தது. தமிழ்ப் பாடசாலையின் பேச்சுப் போட்டியைப் பற்றி அதற்கு ஒரு கதை அனுப்பினேன். பாடசாலைத் தலைவர் தன் மகளுக்குத் தானே பேச்சு எழுதிக் கொடுத்து, நடுவராக உட்கார்ந்து தானே புள்ளியும் போடுகிறார். உண்மையில் நடந்ததுதான். என் மகளும் அங்கே படித்ததால் புனைபெயர் தேவைப்பட்டது. நம்மவர் வழக்கப்படி அதில் ஊர்ப்பெயர் இருக்க வேண்டுமே! என் ஊரை வைத்தால் பிடித்துவிடுவார்கள். வரைபடத்தை விரித்து, சின்னஞ்சிறு தீவு ஒன்றைத் தேடிப் பிடித்து, 'எழுவைதீவான்' ஆனேன். அங்கிருந்து எசனுக்கு யார் வந்திருக்கப் போகிறார்கள்? தேநீரில் சீனி இல்லை என்பதைக்கூடக் குறித்துவைக்கிற எனக்கு, அதை ஒருவரிடம் விசாரிக்கத் தோன்றவில்லை.

ஒருவர் இருந்தார். யோகன் அண்ணை.

"தம்பி, என்ர பிள்ளையைப் போட்டியில இருந்து வெட்டிப்போட்டாங்கள்" என்றார், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல். "'எழுத்தாளர் வாறார், கவனமாக் கதையுங்கோ' எண்டு தலைவர் எல்லாருக்கும் முன்னால நக்கலடிக்கிறார். கடைச் சாமான் துண்டுகூட எங்கட வீட்டில மனிசிதான் எழுதுறவ!"

"நீங்கள் இல்லையெண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னன். 'எழுவைதீவார் வேற ஆர் இஞ்ச இருக்கினம்?' எண்டு கேக்கிறார். நீர் வடிவா எழுதுவீர். சஞ்சிகைக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதி, தபாலிலயும் போட்டுவிடும்."

பிள்ளையின் இடத்தில் யாரைச் சேர்த்தார்கள் என்று கேட்டேன்.

"உம்மட மகளைத்தான். நல்லாப் பேசுற பிள்ளை. அதில எனக்கொரு கோவமும் இல்லை."

ஒரு கதைக்காகப் பத்து வயதுப் பிள்ளையைப் பழிவாங்கிய அந்தத் தலைவரை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. என் கையை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. 'இக்கதைக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்று அவருக்காக அந்தக் கை கோடு தவறாமல் எழுதியது. அவர் கையெழுத்திட்டார், தேநீர் குடித்தார், போனார். "நன்றி சொன்னார், இரண்டு தரம்" என்று நாட்குறிப்பில் இருக்கிறது. கதை என்னுடையது என்று நான் சொன்னதாக எங்கும் இல்லை.

இன்று அந்தச் சஞ்சிகை இல்லை. போட்டி இல்லை. யோகன் அண்ணையும் இல்லை. தெருமுனையில் இருந்த மஞ்சள் தபால்பெட்டியைக்கூடக் கழற்றிவிட்டார்கள். எழுவைதீவான் அதன்பிறகு ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த பக்கம், 16ஆம் திகதி, ஞாயிறு. முதல் வேலையாக, தேநீருக்கும் முன்னால், மறுப்புக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தின் கீழே 'கதையை எழுதியவன் நான்' என்று எழுதி, என் சொந்தப் பெயரையும் முகவரியையும் போட்டு, உறையை ஒட்டினேன். ஞாயிறன்று பெட்டியைத் திறக்க மாட்டார்கள் என்று தெரியும். திங்கள்வரை கையில் வைத்திருந்தால் கிழித்துவிடுவேன் என்பதும் தெரியும். நடந்துபோய்ப் பெட்டிக்குள் போட்டேன்.