விரல் நின்ற பக்கமும் அடுத்த பக்கமும்

இன்று காலை எங்கள் சபை குரூப்பில் ஒரு படம் வந்தது.

சூரிய உதயம், ரோஜாப்பூ, நடுவில் வேதத்திலிருந்து பாதி வரி. கீழே, ‘இது உனக்கான வார்த்தை, நம்பி ஏழு பேருக்கு அனுப்பு’ என்று ஒரு உத்தரவு வேறு!

“இதுக்கு அடுத்த வரி என்னப்பா?” என்று கேட்டேன். குரூப்பே கப்சிப்.

(எனக்கு வயது தொண்ணூற்றெட்டு. இந்தப் பதிவை ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் தட்டுகிறேன். இந்த விரல் ஒரு காலத்தில் என் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்த விரல்.)

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் புது டீச்சர். வண்டியூர்ப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த செல்லையாவுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகளைக் காய்ச்சலோடு கூட்டிப்போனால், கசப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுக் கையில் ஒரு துண்டு வெல்லமும் வைப்பார். எனக்குப் பிடித்துப்போனது. அதை வீட்டில் சொல்ல முடியுமா அந்தக் காலத்தில்? தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று எல்லார் முன்னாலும் அறிவிப்பு. இரண்டு ஓலை முடிந்துவிட்டது.

மூன்றாவதுக்கு முன்னால் பழங்காநத்தத்தில் ஒரு பிரசங்கியார் வந்து இறங்கினார். தேவதூதன் தன்னோடு நேரில் பேசுகிறான் என்றார். எதையும் தீர்மானிக்குமுன் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்க வேண்டுமாம், விரல் நிற்கிற வரிதான் ஆண்டவரின் பதிலாம். முன்னே பின்னே படித்தால் மனுஷப் புத்தி கலந்துவிடுமாம்!

நானும் நம்பினேன். பிள்ளைகள் முழு வாக்கியம் படிக்காவிட்டால் காதைத் திருகுகிற டீச்சர் நான். வெட்கக்கேடு!

சனிக்கிழமை காலை விரல் வைத்தேன். பக்கத்தின் கடைசி வரியில் நின்றது. அவனைத் திருப்பிக் கூட்டிவரும்படி ஆண்டவருடைய தூதன் சொன்னான் என்று இருந்தது.

திரும்பி வா! கல்யாணத்தைவிட்டுத் திரும்பத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் கொண்டை ஊசியைச் செருகிவிட்டு அழுதேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஆள் போனது.

மத்தியானம் செல்லையா சைக்கிளில் வந்தார். கோபமே இல்லை. அந்த வரியைக் காட்டச் சொன்னார். வாசல்படியில் நின்றபடியே படித்தார்.

“இது யாரு சொல்றது, டீச்சர்?”

“தூதன்.”

“தூதன் சொன்னான்னு யாரு சொல்றது?”

வரியை மறுபடி பார்த்தேன். பக்கம் அதோடு முடிந்திருந்தது.

“மருந்துச் சீட்டுல பாதியப் படிச்சுட்டு நான் மருந்து கலக்குனா ஆளு என்ன ஆவாரு? பக்கத்தைத் திருப்புங்க. அதுலயும் வேண்டாம்னுதான் இருந்துச்சுன்னா, மூணாவது ஓலைய நிப்பாட்டச் சொல்லி நானே குருவானவர்கிட்டப் போயிர்றேன்.”

திருப்பினேன்.

அடுத்த பக்கத்தின் முதல் வரியில், அவன் சொன்னது பொய் என்று இருந்தது.

உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதும் படித்தேன். ஒரு கிழத் தீர்க்கதரிசி, தூதன் சொன்னதாகப் புளுகி, நேர்வழியில் போன இன்னொருவரைத் திருப்பிக் கூட்டிப் போகிறான். நம்பிப் போனவர் செத்தே போகிறார். வேதத்தில் இருக்கிற வரிதான், ஆனால் பொய்யன் பேசிய பேச்சு! தூதன் பேசினான் என்ற பழங்காநத்தத்துப் பிரசங்கியாரின் குரலும் அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது.

“ஓலைய நிப்பாட்டவா, டீச்சர்?”

“வேண்டாம்.”

குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கிய கை நடுங்கியது. பாதித் தண்ணீர் சட்டையில்தான் போனது.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தோம். கடைசிவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். நான் பாதிப் பேச்சில் கோபித்துக்கொண்டால், பக்கத்தைத் திருப்பச் சொல்லி ஜாடை காட்டுவார். சிரிப்பு வந்துவிடும்.

நாலு பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் கேட்டேன். அந்த அடுத்த வரி உங்களுக்கு முன்னமே தெரியும்தானே, அந்தத் தைரியத்தில்தானே திருப்பச் சொன்னீர்கள் என்று.

“எனக்கென்ன தெரியும்? அம்புட்டுத் தூரம் நான் அதுவரைக்கும் படிச்சதே இல்ல, டீச்சர். அதான் கை அந்த ஆட்டம் ஆடுச்சு.”

“வேண்டாம்னு இருந்திருந்தா?”

“சாமி நெசமாவே சொல்லியிருந்தா போயிருப்பேன். அழுதுக்கிட்டே போயிருப்பேன்.”

அந்தப் பக்கத்தில் கொண்டை ஊசியின் துருக்கறை இன்னும் இருக்கிறது. இன்று காலையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

(அட்மின் தம்பி, அடுத்த வரிக்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன். வயசு தொண்ணூற்றெட்டு, கொஞ்சம் சீக்கிரம்!)